நீரில் நிமிர்ந்தவர்கள் – 5 : தனித்து நீந்திய தேசம்

சென்ற இதழில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் என்னும் சிற்றூரில், யுத்தத்தில் முதுகெலும்பு முறிந்த போர்வீரர்களுக்காக 1944-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்ட மருத்துவமனைப் பிரிவொன்றில், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்த டாக்டர் லுட்விக் குட்மன், படுக்கையில் கிடந்து மடிவதுதான் இவர்கள் விதி என்று உலகம் கைவிட்டுவிட்ட மனிதர்களின் கையில் வில்லையும் பந்தையும் கொடுத்து அவர்களை வாழ்க்கைக்கு மீட்டுக் கொணர்ந்த விருத்தாந்தத்தைக் கண்டோம். 1948 ஜூலை 29 அன்று, லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே தினத்தில், அம்மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு எய்தார்கள். அந்த 16 பேர், பன்னிரண்டு ஆண்டுகளில், ரோமாபுரியில் பாராலிம்பிக் போட்டிக்குக் கூடிய 23 நாடுகளின் 400 பேராகப் பெருகினார்கள். ரோமாபுரியில் நடந்த எட்டு விளையாட்டுகளில் நீச்சலும் ஒன்று. அங்கே தொடங்கிய அந்த நீரோட்டம் நம் தேசத்துக்கு எப்போது வந்தது, வந்தபின் எங்கே தங்கியது, எங்கே வற்றியது என்பதைச் சொல்லுவதே இந்த இதழின் காரியம்.

இந்தக் கதையைச் சொல்லப் புகுமுன், நம் கிராமங்களிலே ஒரு தலைமுறைக்கு முன்வரை சர்வசாதாரணமாகக் காணப்பட்ட ஒரு காட்சியை வாசகர்கள் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடை விடுமுறை, நண்பகல், ஊருக்கு வெளியே தோட்டத்துக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தொப்பென்று குதிக்கிறார்கள். பழகினவன் பழகாதவனைத் தாங்கிப் பிடிக்கிறான். கிணற்று மேட்டில், அவர்கள் கழற்றிப் போட்ட சட்டைகளுக்கெல்லாம் காவலாக, இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் வெறுப்பதில்லை. அவன்மேல் எல்லோருக்கும் பிரியம் உண்டு. தின்பண்டத்தில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால், "நீயும் இறங்கு" என்று அவனை அழைப்பது ஒருவருக்கும் தோன்றுவதில்லை, அவனுக்கும் தோன்றுவதில்லை. ஒரு தேசத்தின் மாற்றுத்திறனாளி நீச்சல் அணியினுடைய சரித்திரம் என்பது, என் அபிப்பிராயத்தில், அந்தப் பையனுக்கும் நீருக்கும் இடையிலே உள்ள பத்தடி தூரத்தின் சரித்திரமேயாகும். பதக்கங்களும் நேரக் கணக்குகளும் அந்தப் பத்தடி கடந்த பிறகு வருகிறவை.

கரையிலே பாரமாய் இருக்கிற சரீரம் நீரிலே பாரமாய் இருப்பதில்லை. கழுத்தளவு நீரில் நிற்கிற மனிதனின் எடையில் பத்தில் ஒரு பங்கே அவன் பாதங்களில் தங்குகிறது. மற்ற ஒன்பது பங்கையும் நீர் தாங்கிக்கொள்கிறது. நிலத்தின்மேல் இரண்டு தடியும் ஒரு துணையும் இல்லாமல் ஓரடி வைக்க இயலாதவர், நீருக்குள் ஒருவர் தயவும் இன்றித் தாமே நிமிர்கிறார். விழுந்தால் அடிபடுமே என்ற அச்சம் அங்கே இல்லை. இந்தக் காரணத்தினாலேதான், வாதத்தால் துவண்ட அங்கங்களுக்கும் முதுகெலும்பு முறிந்த உடல்களுக்கும் வைத்தியர்கள் நீரை முதலில் மருந்தாகவே விதித்தார்கள். மருந்தாகப் புகுந்தது பயிற்சியாக வளர்ந்து, பந்தயமாக முதிர்ந்தது.

அந்தப் பந்தயத்தின் ஆரம்ப நாட்களில் போட்டியாளர் தொகை எத்துணைச் சிறிதாக இருந்தது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் போதும். ரோமாபுரியில், பிரிட்டனின் மார்கரெட் மாகன் என்னும் பெண்மணி, வில்வித்தையில் தம் நாட்டின் முதல் தங்கத்தை வென்றபின், மல்லாந்து நீந்தும் பந்தயம் ஒன்றிலும் இறங்கினார். அவருடைய வகுப்பில் அவரைத் தவிர வேறொருவரும் இல்லை. தன்னந்தனியே மறுகரை சேர்ந்து அவர் தங்கம் பெற்றார். அவ்வாறு தனியாய் நீந்தினவரின் நாடு, பின்னாளில் உலகின் வலிமை மிக்க நீச்சல் அணிகளில் ஒன்றை உருவாக்கியது. நம் நாடும் ஒருவரைக் கொண்டே தொடங்கிற்று. ஒன்று எப்போது பலவாகிறது, எப்போது ஒன்றாகவே நின்றுவிடுகிறது என்னும் கேள்விக்கு நம்முடைய கதை விடை சொல்லுகிறது.

*

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த பேட் இஸ்லாம்பூரில் பிறந்த முரளிகாந்த் பேட்கர், பிள்ளைப் பிராயத்தில் மல்யுத்தத்தில் மோகம் கொண்டு, பின்னர் இந்திய ராணுவத்தில் ஈ.எம்.இ. என்று வழங்கும் எந்திரப் பொறியியல் பிரிவில் சேர்ந்து, அங்கே குத்துச்சண்டை வீரராகப் பேர் பெற்றார். விளையாட்டிலே உயரவேண்டும் என்னும் ஒரே லட்சியத்தோடு வளர்ந்த அந்த வாலிபரின் சரீரத்தை, 1965-ல் பாகிஸ்தானோடு மூண்ட யுத்தம் நொறுக்கிப் போட்டது. சியால்கோட் முனையில் ராணுவ முகாமின்மேல் நிகழ்ந்த வான்தாக்குதலில் அவர் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. அவற்றுள் ஒன்று முதுகெலும்பிலேயே தங்கிவிட்டது. நினைவு தப்பி, நெடுங்காலம் படுக்கையில் கிடந்து கண்விழித்தபோது, கால்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை.

பம்பாயில் உள்ள கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் அவருக்கு நீண்ட சிகிச்சை நடந்தது. அங்கேதான் நீச்சல் அவரிடம் வந்து சேர்ந்தது. குத்துச்சண்டை வீரனுக்குத் தோளும் புயமும் நெஞ்சும் மூலதனம். கால்கள் போன பின்னும் அந்த மூலதனம் அழியாமல் இருந்தது. மேடையிலே எதிரியை நோக்கிச் செலுத்திய பலத்தை இப்போது நீரை இழுத்துப் பின்தள்ளுவதில் செலுத்தினார். காயம் பட்ட வீரர்களை விளையாட்டுக்குத் திருப்ப வேண்டும் என்னும் குட்மனின் கொள்கை கடல் கடந்து எட்டியிருந்த காலம் அது. பம்பாயில், கிரிக்கெட் உலகம் மறவாத விஜய் மர்ச்சன்ட் அவர்கள் உடற்குறையுடையோர் சேவையில் முனைந்து நின்று, இத்தகைய விளையாட்டு வீரர்கள் அயல்நாடு செல்வதற்கு ஆதரவு தந்துகொண்டிருந்தார்.

1968-ல் இஸ்ரேலின் டெல் அவீவ் நகரத்தில் நடந்த பாராலிம்பிக் போட்டிக்கு இந்தியா முதன்முதலாகப் பத்துப் பேரை அனுப்பிற்று. எட்டு ஆடவர், இரண்டு பெண்டிர். பேட்கர் அந்தக் குழுவில் மேசைப்பந்து ஆட்டக்காரராகச் சென்று, முதல் சுற்றைக் கடந்தார். பதக்கம் எதுவும் அந்தக் குழுவுக்குக் கிட்டவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1970-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் கூடிய காமன்வெல்த் பாராப்ளீஜிக் போட்டியில் 50 மீட்டர் நீச்சலில் அவருக்குத் தங்கம் கிடைத்தது. தம்முடைய இடம் மேசையின் ஓரத்தில் இல்லை, நீரில் இருக்கிறது என்பது அதன்பின் அவருக்கு ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும்.

*

1972-ம் ஆண்டின் ஒலிம்பிக் மியூனிக் நகரத்துக்கு வாய்த்தது. பாராலிம்பிக்கும் அங்கேயே நடந்திருக்க வேண்டும். ஆனால், வீரர்கள் தங்கும் கிராமத்தை ஒலிம்பிக் முடிந்த கையோடு குடியிருப்புகளாக மாற்ற ஏற்பாடாகிவிட்டமையால், சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அங்கே இடம் இல்லை என்றாயிற்று. பழம்பெரும் சர்வகலாசாலை நகரமாகிய ஹைடல்பர்க் அவர்களை வரவேற்றது. ஆகஸ்டு 2-ம் தேதி முதல் 11-ம் தேதி வரை, நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறக்குறைய ஆயிரம் பேர் அந்நகரத்தில் போட்டியிட்டார்கள். மியூனிக்கின் ஒலிம்பிக் விளக்கு அப்போது இன்னும் ஏற்றப்படவில்லை. அங்கே செப்டம்பர் மாதத்தில் இஸ்ரேலிய வீரர்களுக்கு நேர்ந்த கொடுமைக்கும் பேட்கரின் பந்தயத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கிறது. இரண்டையும் ஒரே இடமாகவும் ஒரே காலமாகவும் கலந்து எழுதுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டபடியால் இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியதாயிற்று.

அன்றைய வகுப்புப் பிரிப்பு முழுவதும் வைத்தியர்களின் கையில் இருந்தது. முதுகெலும்பின் எந்தக் கணுவில் காயம், அதற்குக் கீழே எந்தத் தசை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று சோதித்து எண் கொடுத்தார்கள். பேட்கர் மூன்றாம் வகுப்பில் 50 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் இறங்கினார். கால் உதைக்காத மனிதன் எவ்வாறு விரைந்து நீந்துகிறான் என்பதைச் சிறிது யோசித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சில் காற்று நிறைந்திருப்பதால் மேலுடல் மிதக்கும். உணர்வற்ற கால்களோ கீழே தொங்கி, நீரின் குறுக்கே ஒரு தடுப்புப்போல நின்று, முன்னே செல்லும் வேகத்தையெல்லாம் விழுங்கப் பார்க்கும். தலையைத் தாழ்த்தி, உடலை ஒரே நேர்கோட்டில் நீட்டி, இடுப்பை மேலே கொணர்ந்து, இழுக்கிற ஒவ்வொரு கையாலும் தன்னையும் தன் கால்களையும் சேர்த்துச் சுமந்து செல்லவேண்டும். மேடையிலிருந்து பாய்வதால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஆரம்ப வேகமும் இத்தகையோருக்குக் கிட்டுவதில்லை; நீரிலேயே சுவரைப் பற்றிக்கொண்டு காத்திருந்து, ஒலி கேட்டதும் புறப்படுகிறார்கள்.

அப்படிப் புறப்பட்ட பேட்கர் 37.33 வினாடியில் மறுசுவரைத் தொட்டார். அது தங்கம், அவ்வகுப்பில் உலக சாதனையும் ஆயிற்று. ஈட்டி எறிதல் முதலிய வேறு மூன்று போட்டிகளிலும் அவர் இறுதிச்சுற்று வரை சென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அந்த ஒன்றுதான். அந்த ஒன்றினாலேயே பதக்கப் பட்டியலில் இந்தியா 25-ம் இடம் பெற்றது. ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தனியொருவராக இந்தியாவுக்குத் தங்கம் கொணர்ந்த முதல் மனிதர் முரளிகாந்த் பேட்கரே. துப்பாக்கி சுடுவதில் அபினவ் பிந்த்ரா பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் பெறுவதற்கு அப்போது இன்னும் 36 வருஷங்கள் இருந்தன.

அதே ஆகஸ்டு மாதக் கடைசியில் மியூனிக் குளத்தில் இறங்கிய அமெரிக்கர் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வென்ற செய்தி, நம் நாட்டின் பத்திரிகைகளிலும் வானொலியிலும் புகுந்து பட்டிதொட்டியெல்லாம் பரவிற்று. ஸ்பிட்ஸின் புகழ் அவருக்கு உரியதே. அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆயினும், அவருக்கு மூன்று வாரம் முன்பு நம்மவர் ஒருவர் அதே தேசத்தில் ஒரு குளத்தில் உலக சாதனை செய்தாரென்பதைத் தம் குழந்தைகளுக்குச் சொன்ன இந்தியப் பள்ளிக்கூடங்கள் எத்தனை இருந்திருக்கும்? பேட்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது 2018-ல்; ஹைடல்பர்க்குக்கு 46 வருஷங்களுக்குப் பிறகு. அவருடைய சரித்திரத்தைத் தழுவிய திரைப்படம் 2024-ல் வந்தபோதுதான் அவர் பெயரைத் தேசத்தின் பெரும்பகுதி முதன்முதலாகக் கேட்டது.

*

ஒரு மனிதருக்குக் காலந்தாழ்ந்து கௌரவம் வந்ததைப் பற்றி வருந்துவது எளிது. அதைவிட ஆழ்ந்து வருந்தவேண்டியது, அவருக்குப் பின்னே நீரில் இறங்கியவர்கள் யார் என்று கேட்டால் நமக்குக் கிடைக்கிற மௌனம். 1976-ல் டொராண்டோவிலும் 1980-ல் ஆர்னமிலும் கூடிய பாராலிம்பிக்கில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. 1984-ல் நம் வீரர்கள் எறிதல் போட்டிகளில் வெள்ளியும் வெண்கலமும் கொணர்ந்தார்கள். அடுத்த தங்கம் 2004-ல் ஏதென்ஸ் நகரில் தேவேந்திர ஜஜாரியாவின் ஈட்டியில் வந்தது. ஹைடல்பர்க்குக்கும் ஏதென்ஸுக்கும் இடையே 32 வருஷங்கள். நீச்சல் குளத்தைப் பொறுத்தவரை அந்த மௌனம் இன்னும் நீண்டது.

இந்த மௌனத்துக்குக் காரணம் திறமையின்மை என்று ஒருவரும் சொல்ல இயலாது. எண்பதுகளில் நம் தேசத்தில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை இளம்பிள்ளை வாதம் தாக்கிக்கொண்டிருந்தது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட ஒரு சிறுமியோடு அந்நோய் நம் மண்ணில் ஓய்ந்து, 2014-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெறும்வரை, கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தொகை ஒரு சிறிய நாட்டின் ஜனத்தொகைக்கு ஈடாக இருந்தது. அவர்களிலே பேட்கர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேட்கருக்கு வாய்த்தவை எவை என்று பார்த்தால், மற்றவர்களுக்கு வாய்க்காதவை எவை என்பது தானே விளங்கும். அவர் ராணுவ வீரர். அவர் காயம் தேசத்தின் கடன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவருக்கு ஒரு பெரிய மருத்துவமனையும், உடல் தேற்றும் நிபுணர்களும், கடல் கடந்து செல்ல வழி செய்த உபகாரிகளும் கிடைத்தார்கள். வயலில் கூலி வேலை செய்யும் தாயின் குழந்தைக்கு இவற்றில் எதுவும் இல்லை. அக்குழந்தையின் ஊரிலே நீச்சல் குளம் இல்லை. நகரத்திலே குளம் இருந்தால் அதற்குச் சாய்தளம் இல்லை. வாசலில் ஏழு படி, உடை மாற்றும் அறைக்கு நான்கு படி, நீருக்குள் இறங்கச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஏணியை விழிப்புலன் உள்ளவரும் கால் உள்ளவரும் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று எண்ணிக் கட்டிய அந்தக் கொத்தனாரிடம் துவேஷம் ஒன்றும் இல்லை. கிணற்று மேட்டுச் சிறுவர்களைப் போலவே அவருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால், தோன்றாமையே ஒரு தலைமுறையைக் கரையில் நிறுத்திவிட்டது.

ஈட்டி எறிகிறவருக்கு ஒரு மைதானமும் ஓர் ஈட்டியும் இருந்தால், வறுமையிலும் பழகத் தொடங்கிவிடலாம். நீந்துகிறவருக்கோ நாள்தோறும் சில மணி நேரமாவது ஆழமும் சுத்தமும் உள்ள நீர் வேண்டும்; நாற்காலியிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து நாற்காலிக்கும் தூக்கிவிடக் கைகள் வேண்டும்; இரு கையும் இரு காலும் உள்ளவரை மனத்தில் வைத்து எழுதிய பாடத்தை ஒரு கை உள்ளவருக்கு மாற்றிச் சொல்லத் தெரிந்த ஆசான் வேண்டும். இத்தனையும் ஒருவரால் ஆகிற காரியங்களல்ல. பதக்கத்தைத் தனிமனிதர் ஒருவர் கொண்டுவந்துவிடலாம். அணியை ஊர் கூடித்தான் உண்டாக்க வேண்டும்.

*

குளங்களின் கதவு திறவாத அந்நாட்களில் சமுத்திரம் சிலரை ஏற்றுக்கொண்டது. வங்காளத்தைச் சேர்ந்த மசூதுர் ரஹ்மான் பைத்யா, சிறு வயதில் ரயில் விபத்தில் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். 1997-ல் ஆங்கிலக் கால்வாயையும் 2001-ல் ஜிப்ரால்டர் நீரிணையையும் நீந்திக் கடந்தார். கடலுக்குப் படிக்கட்டு இல்லை. அங்கே அனுமதிச்சீட்டும் கேட்பாரில்லை. அவருடைய மனோதிடத்துக்கு முன்னே தலை வணங்குகிறோம். ஆயினும் இதுவும் தனியொருவரின் சாகசமே. அவர் பின்னே ஓர் அணி திரண்டு வர இடம் இருக்கவில்லை.

1992-ல் உடற்குறையுடையோர் விளையாட்டுக்கென அகில இந்திய சம்மேளனம் ஒன்று தோன்றி, பின்னர் இந்திய பாராலிம்பிக் குழு என்னும் பெயர் பெற்றது. இதே தசாப்தத்தில் உலக அளவில் வகுப்புப் பிரிப்பின் தத்துவமே மாறிற்று. உடலில் எது இல்லை என்று பார்த்த வைத்தியரின் கண்ணுக்குப் பதிலாக, நீரில் இவரால் எது செய்ய முடிகிறது என்று பார்க்கும் முறை வந்தது. எஸ் 1 முதல் எஸ் 10 வரை உடல் இயக்கக் குறையுடையோருக்கு. எண் குறையக் குறையக் குறையின் கடுமை அதிகம். எஸ் 11 முதல் 13 வரை பார்வைக் குறையுடையோருக்கு. எஸ் 14 அறிவு வளர்ச்சிக் குறையுடையோருக்கு. வெவ்வேறு காரணத்தால் குறை நேர்ந்தவர்களும், நீரில் ஒத்த ஆற்றல் உடையவராயின், அடுத்தடுத்த தடத்தில் நின்று போட்டியிடலாம் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று.

நம் நாட்டில் மௌனம் கலைந்த ஆண்டு 2010. டெல்லி காமன்வெல்த் விளையாட்டில், சிறு வயதில் விபத்தில் வலக்கையை இழந்த கல்கத்தா வாசியான பிரசாந்த கர்மாகர், எஸ் 9 வகுப்பில் 50 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் வெண்கலம் பெற்றார். காமன்வெல்த் விளையாட்டின் நீச்சல் துறையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுவே. அங்கம் குறையாத நம் நீச்சல் வீரர்களும் அதுவரை எட்டாத மேடையில், ஒற்றைக் கையால் நீரைப் பிளந்து வந்த ஒருவர் ஏறி நின்றார்.

பெங்களூரிலே, பிறவியிலேயே இடக்கை முழுமையாக வளராத சரத் காயக்வாட் என்னும் இளைஞர், ஜான் கிறிஸ்டபர் என்னும் பயிற்சியாளரிடம் பழகி, 2010-ல் குவாங்சோவில் நடந்த முதல் ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலமும், 2012-ல் லண்டன் பாராலிம்பிக்கில் நீந்தும் தகுதியும் பெற்றார். 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியான் நகரில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் அவர் ஆறு பதக்கங்கள் வென்றதாகிய செய்தி வந்தபோது, 1986-ல் சியோலில் பி.டி. உஷா ஒரே ஆசிய விளையாட்டில் ஐந்து பதக்கம் வென்ற சாதனையோடு அதை ஒப்பிட்டுத் தேசம் வியந்தது. அந்த ஆறில், நம் கதைக்கு மிகவும் அருமையானது, நால்வர் சேர்ந்து நீந்தும் தொடர்நீச்சலில் கிடைத்த வெண்கலம்.

ஏனெனில் தொடர்நீச்சலுக்கு ஒரு விசேஷ விதி உண்டு. நால்வருடைய வகுப்பு எண்களையும் கூட்டினால் 34-க்கு மேல் போகக் கூடாது. குறை சிறிதாக உள்ள நால்வரை மட்டும் பொறுக்கியெடுத்து ஓர் அணியை அமைக்க இவ்விதி இடம் தராது. எண் பெரிய ஒருவரைச் சேர்த்தால், எண் சிறிய இன்னொருவரை உடன் அழைத்தே ஆகவேண்டும். வேகம் மிக்கவன் வேகம் குறைந்தவனைக் கரையில் விட்டுவிட்டுப் போக முடியாத பந்தயம் இது. சமூகம் என்பது எவ்வாறு அமையவேண்டும் என்று பெரியோர் பலர் பல நூல்களில் விரித்துச் சொன்னதை, விளையாட்டுலகம் ஒரு கூட்டல் கணக்கில் சொல்லி வைத்திருக்கிறது. 1972-ல் தனியொருவராக நீந்திய இந்தியா, 42 வருஷங்களுக்குப் பின் நால்வராக நீந்தியது.

*

2017-ல் மெக்சிகோ நகரில் நடந்த உலகப் போட்டியில், கண்பார்வை அறவே இல்லாத காஞ்சனமாலா பாண்டே என்னும் மகாராஷ்டிரப் பெண், 200 மீட்டர் கலப்பு நீச்சலில் தங்கம் பெற்றார். அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன், பெர்லின் நகரத்தில் ஒரு போட்டிக்குச் சென்றபோது, ஒதுக்கப்பட்ட உதவித்தொகை உரிய வேளையில் கைக்கு வராமல், அந்நிய நாட்டில் கடன் வாங்கிச் செலவு செய்யவேண்டிய அவலம் அவருக்கு நேர்ந்தது. அந்தத் துயரத்தோடேயே நீந்தி அங்கே வெள்ளி வென்றவர் அவர். எஸ் 11 வகுப்பில் நீந்துகிற எல்லோரும் ஒளி புகாத கறுப்புக் கண்ணாடி அணிந்தாக வேண்டும். சுவர் எங்கே வருகிறது என்று தெரியாமல் முழுவேகத்தில் வருகிறவரின் தலை மோதாதபடி, தடத்தின் இரு கோடியிலும் ஒவ்வொருவர் நின்று, நுனியில் மெத்தென்ற பந்து கட்டிய நீண்ட கோலால் அவர் மேனியில் மெல்லத் தட்டுவார்கள். அந்தத் தட்டல் ஒரு கணம் முந்தினால் திரும்பும் கணக்குத் தவறும். ஒரு கணம் பிந்தினால் கை உடையும். பதக்க மேடையில் ஏறுகிறவர் ஒருவர். அவரைச் சேதமின்றிக் கரை சேர்த்தவர்கள் இருவர். தனியாள் பந்தயம் என்று நாம் பெயரிட்டு அழைப்பதும் உண்மையில் மூவர் கூடி நடத்துவதே.

நம் சென்னையிலும் ஒரு கதவு இவ்வாறு திறந்தது. ஆந்திர நாட்டில் பிறந்து, கைக்குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளாகி, வங்கி உத்தியோகத்தில் உயர்ந்து சென்னையில் வாழ்ந்த மாதவி லதா, நடுவயதில் முதுகுத்தண்டு நலிவுக்குச் சிகிச்சையாக நீரில் இறங்கியவர். நீரிலே தமக்குக் கிட்டிய சுதந்திரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான நீச்சல் சங்கம் ஒன்றைக் கட்டி எழுப்ப முன்னின்றார். வேகத்தில் அவர் பேட்கருக்கு நிகரல்லர். ஆயினும், தமக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் என்ற வகையில், அணி என்னும் சொல்லின் பொருளை உணர்ந்து வாழ்ந்தவர் என்பேன்.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கணக்கையும் மறைக்காமல் சொல்லவேண்டும். லண்டன் பாராலிம்பிக்குக்கு இந்தியா 10 பேரை அனுப்பிற்று. அவர்களில் நீச்சல் வீரர் ஒருவர். 2016-ல் ரியோவுக்கு 19 பேர், நீச்சலுக்கு ஒருவர். டோக்கியோவுக்கு 54 பேர். நீச்சலுக்குப் பெங்களூர் நிரஞ்சன் முகுந்தனும், சோலாப்பூர்ப் பக்கத்தவரான சுயஷ் ஜாதவும் ஆக இருவர். 2024-ல் பாரிஸுக்கு 84 பேர் சென்று 29 பதக்கங்கள் கொணர்ந்தார்கள். அந்த 84 பேரில் நீந்தச் சென்றவர் மீண்டும் ஒருவரே. பாரிஸ் பாராலிம்பிக்கில் நீச்சலுக்கு மட்டும் 141 தங்கங்கள் இருந்தன. சிறுவயதில் மின்சாரம் தாக்கி இரு கைகளையும் பறிகொடுத்தவரும், 2018-ல் ஜகார்த்தாவில் ஆசிய பாரா விளையாட்டின் தங்கத்தை வென்றவருமான சுயஷ் ஜாதவ், அந்த 141-ல் ஒன்றுக்காக, 140 கோடி ஜனங்களின் ஏகப் பிரதிநிதியாக, பட்டாம்பூச்சி நீச்சலில் இறங்கினார். மொத்தக் குழு எட்டு மடங்கு பெருகியிருக்கிறது. நீச்சல் குழு ஹைடல்பர்க்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

ஆகவே, இந்தக் கதையை வெற்றிக் கதையென்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தோல்விக் கதையென்று சொல்லவும் நியாயம் இல்லை. பேட்கரும் கர்மாகரும் காயக்வாட்டும் காஞ்சனமாலாவும் ஜாதவும் தங்கள் பங்கைக் குறைவறச் செய்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது நம்முடைய பங்கு. பொதுஜனங்கள் புழங்கும் இடமெல்லாம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி அமையவேண்டும் என்று 2016-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் எழுத்து ஒரு குளத்தங்கரையில் சாய்தளமாக மாறுவதற்குப் பெரிய திரவியம் தேவையில்லை. சில வண்டி மணலும் சிமெண்டும், அதைப் போடவேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றுவதும் போதும். கிணற்று மேட்டில் சட்டைகளுக்குக் காவல் இருந்த அந்தப் பையனுக்கு இப்போது வயதாகியிருக்கும். அவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில், அவனைப்போல உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பார்த்து, நீரில் நிற்கும் ஒருவர் கையை நீட்டி, "நீயும் இறங்கு" என்று சொல்லுவாரானால், நம் அணியின் இரண்டாவது மனிதர் அன்று பிறப்பார்.

அடுத்த இதழில், ஜனத்தொகையில் நம்முடைய ஒரு மாநகரத்துக்கும் ஈடாகாத சிங்கப்பூர், இப் பின் சியூ என்னும் பெண்ணின் வாயிலாக 2008-ல் தன் முதல் பாராலிம்பிக் தங்கத்தை நீச்சலில் பெற்ற வரலாற்றைக் காண்போம்.

(தொடரும்)